ஆறு கேள்விக்கும் ஒன்று

காலை 6.40. நான்காம் படுக்கை காலி. குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஏழரைக்கு இதய வால்வு மாற்று அறுவைக்குப் போக வேண்டிய பெரியவர் உள்ளேயிருந்து தன் மொழியில் ஏதோ கத்தினார்.

"வர மாட்டேங்கிறாரு," என்றான் மகன். வார்டில் அந்த மொழி தெரிந்தவன் அவன் மட்டும்தான்.

இன்று விட்டால் அடுத்த தேதிக்கு ஆறு வாரம். அதுவரை அந்த வால்வு தாங்காது.

வார்டே 'டார்ச்' என்று அழைக்கும் தலைமை நர்ஸ் கதவைத் தட்டவில்லை. கோப்பைப் பிரித்தார். நோயாளியின் பயத்தை அளக்கும் தாள், அவர் மொழியிலும் தமிழிலும் அச்சிட்டது. நான்கு கேள்விகள் பயத்தைப் பற்றி. இரண்டு, சிகிச்சையைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள ஆசையா என்று. ஒன்று என்றால் துளியும் இல்லை. ஐந்து என்றால் ரொம்ப. ஆறிலும் ஒன்று.

"இவ்வளவு தைரியசாலிக்கு பாத்ரூம்ல என்ன வேலை? இத வேற யாரோ நிரப்பியிருக்காங்க."

6.48.

"தாள யார்கிட்ட குடுத்தே?"

"படுக்கை மேல வெச்சேன் சிஸ்டர்," என்றாள் டியூட்டி நர்ஸ். "மகன் டீ குடிக்கப் போனா போதும், என்னப் பிடிச்சுக்குவாரு. கடிகாரத்தக் காட்டி, கண்ண மூடித் திறப்பாரு. எப்ப முழிப்பேன்னு கேக்கறாராம். பத்து தடவ!"

துப்புரவுப் பெண் சிரித்தாள். "என்னையும் விடலம்மா. நெஞ்சுல கோடு போட்டு, இவ்ளோ நீளமா வெட்டுவாங்களான்னு ஜாடை. தொடப்பத்தோட நிக்கிறவகிட்ட கேக்கற கேள்வியா இது?"

"உங்ககிட்ட?"

மகன் நிமிர்ந்தான். "ஒரு வார்த்த கேக்கல. அப்பாவுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது."

6.55.

"நிரப்பினது நீங்கதான் தம்பி," என்றார் டார்ச். "எல்லாரும் பயக் கேள்வியத்தான் பாக்கறாங்க. கடைசி ரெண்டப் பாருங்க. தெரிஞ்சுக்க ஆசையே இல்லியாம்! இவங்க ரெண்டு பேர்ல யார் நிரப்பியிருந்தாலும் அங்க அஞ்சு போட்டிருப்பாங்க. அவர் கேள்வி கேக்காத ஒரே ஆள் நீங்க."

மகன் தரையைப் பார்த்தான். "எங்கள்ல பெரியவங்க பயம்னு எழுத மாட்டாங்க சிஸ்டர்."

"பிள்ளை முன்னாடி எழுத மாட்டாங்க. அஞ்சுன்னு பாத்திருந்தா மயக்க மருந்து டாக்டர் நேத்தே வந்து விளக்கியிருப்பார். கீழ போய் உக்காருங்க."

டாக்டர் ஓடி வந்தார். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து பதினோரு கேள்விகள் வந்தன. பதினொன்றுக்கும் பதில் போனது.

7.19. தாழ் விலகியது. பெரியவர் நடைகூடத்தின் இரு பக்கமும் பார்த்தார். மகன் இல்லை. டார்ச் கொடுத்த புதுத் தாளை வாங்கி, பேனாவுக்குக் கை நீட்டினார்.

பயக் கேள்விகள் நான்கிலும் ஐந்து, காகிதம் கிழிகிற அழுத்தத்தில். இனி மேலும் தெரிந்துகொள்ள ஆசையா? இரண்டிலும் ஒன்று.

பிறகு, யார் கையையும் பிடிக்காமல், தள்ளுவண்டியில் ஏறிப் படுத்தார்.