வேம்பாரிலிருந்து வந்த மிஷின்

அந்தச் சின்ன சிலிண்டருக்குள் இவ்வளவு தண்ணீர் இருக்க வழியே இல்லை.

காளீஸ்வரன் பிளக்கைக் கழற்றிவிட்டு, படகு மிஷினைச் சாய்த்து வைத்து, ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தான். பிளக் ஓட்டை வழியே தண்ணீர் பீறிட்டது. மறுபடி இழுத்தான், மறுபடி பீறிட்டது. ஒரு டம்ளர் பிடிக்கிற இடத்திலிருந்து ஒரு வாளி வந்தாகிவிட்டது. வெளியே ஏழாயிரம்பண்ணைக் கரிசல் பட்டப்பகல் வெயிலில் வெடித்துக் கிடக்க, அவன் பட்டறைக்குள் மட்டும் பாசியும் உப்பும் அழுகிய மீனும் கலந்த வாடை சுவரெல்லாம் ஏறிக்கொண்டிருந்தது.

கிணற்றில் விழுந்த மோட்டார், வெள்ளத்தில் மூழ்கிய ஜெனரேட்டர் என எதையும் ஓட வைத்துவிடுவான் என்று பேர் வாங்கியவன். அதைக் கேள்விப்பட்டுத்தான் வியாபாரி ராக்கப்பன் கடற்கரை ஊரான வேம்பாரிலிருந்து இதைக் காலையில் கொண்டுவந்தார். கடலில் மூழ்கிய இரும்பு காற்றுப் பட்டதும் துருப்பிடித்துவிடும் என்பதால், வேலை தொடங்கும்வரை வாசல் டிரம்மில் நல்ல தண்ணீருக்குள் முக்கி வைத்திருந்தான்.

“படகுல போன ஆளு நல்லா இருக்காகளா?” என்று அவன் கேட்டபோது ராக்கப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“மிஷினு மட்டுந்தான் கெடைச்சுது, தம்பி.”

இப்போது கயிறு வரவில்லை. பிஸ்டன் இறுகிவிட்டது என்று நினைத்தான். ஆனால் பிஸ்டன் இறுகினால் கயிறு அசையாமல் நிற்கும். இது உள்ளே போனது. மெதுவாக, அவன் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. உதறிவிட்டுப் பின்வாங்கினான்.

பட்டாசு ஆலையில் ஒரு விபத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு அந்த வேலையே வேண்டாம் என்று வந்தவன் அவன். பயம் என்றால் நெருப்புதான். தண்ணீரைக் கண்டு பயப்பட இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது; ஆலையில் அறைக்கு அறை வாளியில் நிறைத்து வைப்பதே அதை நம்பித்தானே. அந்தப் பழக்கத்தில், மிஷினை அப்படியே தூக்கிப்போய் டிரம்முக்குள் தலைகீழாக இறக்கினான்.

“கெட அங்கனயே!”

குமிழிகள் வந்தன. நின்றன. தன்னை நினைத்து அவனுக்கே சிரிப்பு வந்தது. எட்டிப் பார்த்தான். தண்ணீர்தான் தெரிந்தது. மிஷினைக் காணோம். அவன் இடுப்பு உயர டிரம்முக்கு அடி தெரியவில்லை. ஆள் உயரக் கம்பி ஒன்றை விட்டுப் பார்த்தான். முழுக்க இறங்கியது. கையிலிருந்து நழுவியது. எங்கேயும் போய் முட்டுகிற சத்தம் இல்லை.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

வெயில் ஏறினால் ஆலையில் பட்டாசு மருந்து வேலையை நிறுத்திவிடுவார்கள். வேலுத்தாய் வந்துவிட்டாள். அவன் பெண்டாட்டி. முழங்கை வரை அலுமினியப் பொடி வெள்ளியாக மின்ன, முகத்தில் வேர்வை வழிய, நேராக டிரம்மை நோக்கி நடந்தாள். உடம்பில் மருந்தோடு ஒருநாளும் நிலைப்படி தாண்டமாட்டாள்.

“வேலு! தொட்டுறாத!”

தினமும் அவன் சொல்வதுதான். மருந்துக் கையோடு எதையும் தொடாதே என்று.

“தெரியும் மச்சான். களுவிட்டுத்தான் தொடுவேன்.”

குனிந்தாள். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். இரண்டு கைகளையும் உள்ளே விட்டாள்.

“எம்புட்டு குளுமையா இருக்கு!”

அவன் ஓடினான். அவள் கையிலிருந்து கரைந்த பொடி தண்ணீரில் பரவியது. பிறகு பரவவில்லை. எதன்மேலோ படிந்தது. அவளுடைய மணிக்கட்டைச் சுற்றி வெள்ளியில் ஒரு விரல் தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. கட்டைவிரல். அடுத்த மணிக்கட்டிலும்.

வேலுத்தாய் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

“கைய விடுங்க மச்சான். வலிக்குது.”

அவன் இன்னும் அவளை எட்டவில்லை. தண்ணீருக்குள் அந்த விரல்கள் ஒவ்வொன்றாக இறுகின.