நழுவாத கிளட்ச்

பனியில் இரண்டு தடங்கள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தன. இடப்பக்கச் சக்கரங்களுக்கு ஒன்று, வலப்பக்கச் சக்கரங்களுக்கு ஒன்று, நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு, மூட்டையைத் தரதரவென்று இழுத்துப் போனது மாதிரி வழவழப்பாய் ஒரு பள்ளம். விபத்து வண்டிகளை இழுத்துப்போகும் தன் ரெக்கவரி லாரியைப் பட்டறைக்குள் விட்டுவிட்டு இறங்கிய போங் தோக்சான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். லாரியின் பின்னால் இரும்புக் கயிறு உருளையில் ஒழுங்காகச் சுற்றியிருந்தது. கொக்கி அதன் வளையத்தில் மாட்டிக் கிடந்தது. தரையைத் தொடும்படி எதுவுமே தொங்கவில்லை.

"என்னத்த இழுத்துட்டு வர்றீங்க, டிரைவர்?" காப்பிக் கோப்பையோடு வாசலுக்கு வந்தாள் பட்டறைக்காரி பியோ யோன்சில். ஐம்பத்தெட்டு வயது, குட்டையான உருவம், ஆண்பிள்ளைக் கை.

"ஒண்ணுமில்ல முதலாளிம்மா. காலி வண்டி."

"காலி வண்டியா? மேட்டுல உங்க இன்ஜின் முக்கின முக்கு இங்க வரைக்கும் கேட்டுச்சு. பிரசவ வார்டு தோத்துச்சு போங்க."

தோக்சான் சிரித்து வைத்தான். சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டது. அவனுக்கு அன்றைக்கு ஒரே ஒரு காரியம்தான் ஆக வேண்டும். தோல்ஜே கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் காத்திருக்கும் ஆளிடம் பொழுது சாய்வதற்குள் இந்த லாரியைத் தள்ளிவிட வேண்டும், பிறகு இந்த ஜென்மத்தில் அதன் முகத்தில் விழிக்கக் கூடாது. ஆனால் கணவாயின் முதல் வளைவிலேயே கிளட்ச் கைவிட்டுவிட்டது. இன்ஜின் அலறுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. மூன்று மாதத்துக்கு முன்புதான் வேறொரு ஊரில் புதிதாக மாட்டியது. கனரக வண்டிக்குக் கிளட்ச் மாற்ற இந்தப் பக்கம் இருப்பது இந்த ஒரே பட்டறை. பிடிக்கிறதோ பிடிக்கவில்லையோ, கணவாய் வண்டிகள் எல்லாம் என்றைக்காவது ஒருநாள் யோன்சிலின் வாசலுக்கு வந்துதான் தீர வேண்டும்.

காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கியது. அவள் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தாள், பின்னச்சுக்குப் போகும் தண்டைக் கழற்றினாள், கியர் பாக்ஸைச் சங்கிலி ஜாக்கியில் ஏந்தி அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு இழுத்தாள். உதவிக்கு ஆளில்லை, விளக்குப் பிடிக்க நீங்களே வாருங்கள் என்று தோக்சானையும் அடியில் படுக்க வைத்துவிட்டாள். கியர் பாக்ஸ் விலகியதும் கருகிய வாடை குப்பென்று அவன் முகத்தில் அடித்தது. கிளட்ச் தேய்ந்தால் வரும் வாடை அவனுக்குப் பழக்கம்தான். ஆனால் இதற்கு அடியில் இன்னொன்று இருந்தது, ஈர மண்ணும் அழுகின முட்டைகோஸ் இலையும் கலந்த மாதிரி, அதைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை.

யோன்சில் கிளட்ச் தட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒட்டியிருந்த பட்டை முழுக்கப் போய், ஆணித் தலைகள் பளபளத்தன. அது கவ்விப் பிடிக்கும் பிளைவீலில் நீலம் நீலமாகச் சூட்டுத் தழும்பு.

"மூணு மாசமா ராத்திரி பகல் பாரம் இழுத்தாத்தான் இப்படி ஆகும். இப்ப சொல்லுங்க, என்ன பாரம்?"

"எனக்கென்ன தெரியும். மட்டமான சாமானா இருக்கும்."

"சாமான் நல்ல சாமான்தான்," என்று அவள் முனகினாள். "பாவம், முடிஞ்ச மட்டும் நழுவி நழுவிப் பாத்திருக்கு."

அந்த வார்த்தை அவனுக்கு ஏனோ பிடிக்கவில்லை. அவள் புதுத் தட்டை எடுக்க எழுந்து போனாள், அவன் மல்லாந்து கிடந்தான். பட்டறைக் கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டும் சத்தம், மண்ணெண்ணெய் அடுப்பின் உறுமல், மேசையில் அவள் ஸ்பானர்களை உருட்டும் கிணிகிணி, எல்லாம் கேட்டன. எல்லாவற்றுக்கும் நடுவே, கால்மாட்டில், யாரோ மூச்சு வாங்குவதும் கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தான். பின் சக்கரங்களுக்கு அப்பால், இருட்டில், அவனைப் போலவே தரையோடு தரையாக ஓர் ஆள் படுத்திருந்தான். குப்புற. கையில் சிவப்பு ரப்பர் பூசிய வேலைக் கையுறை. அந்தக் கை லாரியின் பின்பக்கம் நோக்கி நீண்டிருந்தது.

"முதலாளிம்மா!"

"என்ன?" குரல் தூரத்திலிருந்து, மேசைப் பக்கமிருந்து வந்தது.

விளக்கைத் திருப்பினான். எண்ணெய்க் கறையும் உருகின பனித் தண்ணீரும் மட்டும்தான்.

அவன் எழுந்து உள்ளறைக்குப் போனான், காப்பி கலக்க என்று சொல்லிக்கொண்டு. அங்கே சிறு மேசையில் செத்தவருக்கு வைத்த படையல், ஒரு கிண்ணம் நிறையச் சோறு, அதில் செங்குத்தாக நட்ட கரண்டி, ஒரு காய்ந்த மீன், ஒரு கோப்பை மாக்கொல்லி அரிசிக் கள். அதற்குப் பின்னால் கறுப்பு நாடா கட்டிய படம் ஒன்று சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. திருப்பிப் பார்க்க அவன் கை போகவில்லை.

"இன்னைக்கு நூறாவது நாள்," என்றாள் யோன்சில், வாசலில் நின்று. "துக்கம் முடிக்கிற நாள். ஆனா அவரு ஒருநாள்கூடச் சாப்பிட வரல. வேற எங்கயோ மாட்டிக்கிட்டிருக்காரு. வாங்க, கிளட்ச் தட்டை நடுவுக்குக் கொண்டுவரணும். விளக்கப் பிடிங்க."

நூறு நாள். தோக்சான் விளக்கைப் பிடித்தான், மனம் தானாகக் கணக்குப் போட்டது. செப்டம்பர் பன்னிரண்டு.

அன்று விடியற்காலை கணவாயில் கைநீட்டினால் கை தெரியாத பனிமூட்டம். முட்டைகோஸ் லாரி ஒன்று கவிழ்ந்ததை வயர்லெஸ்ஸில் ஒட்டுக்கேட்டு, ஓரப் பாதையில் எதிர்த்திசையில் பறந்து வந்து சேர்ந்தான். அவர்கள் தொழிலில் ஆம்புலன்ஸுக்கு முன்னால் போய் நிற்பவன்தான் கெட்டிக்காரன். முதலில் கொக்கி போட்டவனுக்கு வண்டி, மற்றவன் அதைத் தொடக் கூடாது, போட்டவன்தான் கழற்றவும் வேண்டும். போலீஸ்காரனே ஆனாலும் அந்தக் கொக்கியில் கை வைக்க மாட்டான். தோக்சான் கொக்கியை மாட்டும்போது லாரிக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. கொஞ்சம் இருங்க, நான் இருக்கேன் என்றது, தெளிவாகவே. பின்னால் இன்னொரு ரெக்கவரி வண்டியின் விளக்கும் தெரிந்தது. அவன் இழுத்தான். நாற்பது மீட்டர் போனபின் இறங்கிப் பார்த்தான், கொக்கி லாரியில் இல்லை, ஓர் ஆளின் இடுப்பு வாரில் மாட்டியிருந்தது. கழற்றக் கிட்டே போக மனம் வரவில்லை. கயிற்றை வெட்டிவிட்டான். கவிழ்ந்ததிலேயே செத்தார் என்று காகிதத்தில் எழுதினார்கள். தோக்சானுக்கு வெட்கம் என்பது எப்போதும் அடுத்தவன் சமாசாரம், அன்றிரவு நன்றாகத் தூங்கினான். புதுக் கயிறும் புதுக் கொக்கியும் போட்டான். மறுநாளிலிருந்து வண்டி கனத்தது.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. யோன்சில் போல்ட்டுகளை எதிரும் புதிருமாக முறுக்கினாள், கிளட்ச் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றினாள், பெடலைத் தன் கையாலேயே பத்து முறை அமுக்கிப் பார்த்தாள். தன் பிள்ளைக்குச் செய்வது போல அத்தனை அக்கறை.

"ஒரு போல்ட்ட லூசா விட்டிருக்கலாம்," என்றாள் கையைத் துடைத்துக்கொண்டே. "ஆசையாத்தான் இருந்துச்சு. விடல. போலீஸ் காகிதத்துல உங்க வண்டி நம்பர் இருக்கு. நூறு நாளா வாசலைப் பாத்துட்டே இருந்தேன். அன்னைக்கு அந்த லாரிக்கு அடியில கிடந்தவரு என் வீட்டுக்காரரு. கில்டோன்னு பேரு. நீங்க பேரு கூடக் கேட்டிருக்க மாட்டீங்க."

தோக்சான் வண்டிக் கதவுப் பக்கம் நகர்ந்தான். "நான்... அவரு ஏற்கெனவே..."

"பொய் சொல்லாத. உயிரோட இருந்தாரு, உனக்குத் தெரியும்." குரல் உயரவில்லை. "பின்னால போ. மண்டி போட்டு அந்தக் கொக்கியக் கழட்டு. நான் காலையிலேயே தடவிப் பாத்தேன், என் கைக்கு வரல. போட்டவன் கைக்குத்தான் வரும். கழட்டிட்டா அவரு சாப்பிட வருவாரு, நீயும் போகலாம்."

"அங்க ஒண்ணும் இல்ல!" என்று கத்தினான். "பைத்தியக்காரப் பொம்பள!"

"சரி," என்றாள் அவள். "பழைய கிளட்ச் நழுவுச்சு, அதனால அவரு பின்தங்கிப் பின்தங்கி வந்தாரு. இது நழுவாது."

அவன் தாவி ஏறிக் கிளப்பினான். பின்வாசல் வழியே வெளியேறக் கியர் போடும்போது கண்ணாடியில் அவளைப் பார்த்தான். லாரியின் பின்னால் குந்தி உட்கார்ந்து, தரையோடு எதையோ அன்பாகத் தடவி, குனிந்து ஏதோ சொன்னாள். பிறகு எழுந்து, இழுக்கலாம் என்று சொல்ல ரெக்கவரி ஆட்கள் தட்டுவது போல, வண்டியின் உடம்பில் இரண்டு தட்டு தட்டினாள்.

கிளட்ச் அருமையாகக் கவ்வியது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு, எங்கும் தயங்கவில்லை. தயங்காததுதான் பயமாக இருந்தது, ஏனென்றால் பின்பக்கம் தாழ்ந்திருந்தது, முன் சக்கரங்கள் லேசாகி ஸ்டீயரிங் கையில் மிதந்தது, பின்கண்ணாடியில் அந்தப் பள்ளம் புதுப்பனியைக் கிழித்துக்கொண்டு வண்டியின் பின்னாலேயே, முன்பு இருந்ததைவிடக் கிட்டத்தில், இன்னும் கிட்டத்தில் வந்துகொண்டிருந்தது. அதன் நடுவில் இப்போது கறுப்பாக ஒரு கோடு.

நாற்பது மீட்டர் இழுத்த அதே இடத்தில் சக்கரங்கள் சுழலத் தொடங்கின. எவ்வளவு மிதித்தும் வண்டி ஓர் அடி நகரவில்லை. பனி கொட்டிக்கொண்டிருந்தது. பொழுது இன்னும் சாயவில்லை, எல்லாம் வெள்ளையாக, நன்றாகத் தெரிந்தது.

நியூட்ரலில் போட்டான். காற்று பிரேக்கைப் பிடித்தான். இறங்கினான்.

உருளையில் இருந்த கயிறு இப்போது பனியில் வளைவு வளைவாக நீண்டு கிடந்தது. அவன் அதை அவிழ்த்து விடவில்லை. யாரும் விடவில்லை. பத்தடி தள்ளி ஒரு பனி மேடு. கயிறு அதற்குள் போனது.

கழற்றினால் போகலாம் என்றாளே.

மண்டி போட்டான். கையை உள்ளே விட்டான். ஈரத் துணி. இடுப்பு வார். கொக்கியின் குளிர்ந்த வளைவு. இழுத்தான். வரவில்லை. அழுதான். மறுபடி இழுத்தான்.

கழன்றது.

மேடு மெல்ல அமுங்கியது. உள்ளே ஒன்றுமில்லை. "கழட்டிட்டேன்," என்றான். "கழட்டிட்டேன்யா, போ. வீட்டுக்குப் போ." உடம்பெல்லாம் லேசானது. கொக்கியைத் தூக்கிப் பார்க்கலாம் என்று கையைப் பார்த்தான்.

கையில் கொக்கி இல்லை.

இடுப்பின் பின்பக்கம், தன் வாரில், சின்னதாக ஒரு சத்தம். கொக்கியின் நாக்கு பூட்டிக்கொள்ளும் சத்தம். முப்பது வருடமாக அவன் காதுக்குப் பழகின சத்தம்.

லாரியின் கதவு மூடியது. உள்ளிருந்து.

காற்று பிரேக் புஸ்ஸென்று விட்டது. கிளட்ச் பெடல் அடிவரை இறங்கியது. கியர் விழுந்தது. கவ்வியது.

பனியில் கிடந்த கயிற்றின் முதல் வளைவு மெதுவாக நிமிர்ந்தது. பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது.