பத்து நாளுக்கு முந்தைய மொட்டு

காலை 7.10.

செடி அறைக் கதவைத் திறந்த ஆராய்ச்சி மாணவி அப்படியே நின்றுவிட்டாள். நாற்பது தொட்டியிலும் இன்று விரிந்த பூக்கள் நாலே இதழோடு சமர்த்தாக நின்றன.

நேற்றுவரை இந்தச் செடிகளில் விரிந்தவை ஓயாத பூக்கள். மொட்டின் நடுவில் பெருகிக்கொண்டே இருக்கும் ஸ்டெம் செல்களை, 'போதும், நிறுத்து' என்று அடக்குகிற மரபணு அவற்றில் பழுது. குளிரில் வேலை செய்யும், சூட்டில் செய்யாது; அதற்காகவே அறையை எப்போதும் சூடாக வைத்திருந்தார்கள். இதழுக்குள் இதழ் முளைத்துக்கொண்டே போகும். ஆறு வருட உழைப்பு.

காலை 8.00.

"செடியையே மாத்திட்டாங்க," என்றார் பேராசிரியர். "நேத்து தொட்டியை நகர்த்தி அறையைக் கழுவினது ஒரே ஆள்தான்."

தண்ணீர் ஊற்றும் பெரியவர் பூவாளியைக் கீழே வைத்தார். "ஐயா, பன்னெண்டு வருஷமா ஊத்தறேன்..."

"நாளையிலேர்ந்து ஊத்த வேண்டாம்."

நிறுவனத்தின் காவல் பொறுப்பு ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரம்மாவுடையது. முழங்காலைப் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பழைய பூவெல்லாம் எங்கம்மா?" என்று மாணவியைக் கேட்டார்.

"விரிஞ்ச அன்னைக்கே கத்தரிச்சு, தேதி போட்டு கவர்ல வச்சிருவேன் மேடம்."

"வேற யாரும் இப்படிக் கத்தரிப்பாங்களா?"

"அவ்வளவு வேலை வெட்டி இல்லாதவ இங்க நான் ஒருத்திதான்."

அடுத்து, அதே அறையில் நாற்று வளர்க்கும் சக ஆராய்ச்சியாளன். புதிதாகக் கல்யாணமானவன்; எல்லாருக்கும் 'மாப்பிள்ளை'.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். ஒம்பது நாள் லீவு. இப்பத்தான் பஸ்ஸை விட்டு இறங்கறேன்."

"உங்க நாத்து நல்லா இருக்கா?"

"சூடு ஒத்துக்காம வாடிச்சு. கிளம்பறதுக்கு முந்தின நாள் பொழைச்சிருச்சு."

இன்ஸ்பெக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று தோன்றியது.

காலை 9.30.

"சார், இந்தத் தண்டைத் தடவிப் பாருங்க," என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

பேராசிரியர் தடவினார். அடியிலிருந்து உச்சி வரை குட்டிக் குட்டியாய் வெட்டுப்பட்ட காம்புகள்.

"இவ கத்தரிச்சது. காலையிலேர்ந்து அழுத இவ கண்ணுக்குத் தெரியலை. உங்க கோபத்துக்கும் தெரியலை. இது அதே செடிதான். ஏம்மா, நிறுத்தற உத்தரவு மொட்டுக்கு எப்பப் போகணும்?"

"கண்ணுக்கே தெரியாத புள்ளியா இருக்கறப்ப மேடம், சரியா என்னைக்குன்னுதான் தெரியலை. அப்புறம் விரிய பத்து நாள்..." அவள் குரல் இறங்கியது.

"பத்து நாள் முன்னாடி இந்த அறை குளிர்ந்திருக்கு. நேத்து கழுவினதுக்கும் இன்னைக்குப் பூவுக்கும் சம்பந்தமில்லை. வாடின நாத்து அதே சூட்டுல தானா நிமிராது, மாப்பிள்ளை."

அவன் தரையைப் பார்த்தான். "ஒரே ஒரு நாள் சூட்டைக் குறைச்சேன். பஸ் ஏறறதுக்கு முன்னாடி பழையபடி வச்சிட்டேன். சொல்லியிருந்தா இவ என்னைக் கொன்னிருப்பா."

"இப்பவும் அந்த உத்தேசம் இருக்கு," என்றாள் மாணவி. அதற்குள் ஒரு பிஞ்சு மொட்டைப் பிரித்து நுண்ணோக்கியில் வைத்திருந்தாள். இதழுக்குள் இதழ். அடுத்ததிலும் அதே. கெட்டது ஒரு நாள் பூ மட்டும்தான்.

"அந்த உத்தரவு சரியா எந்த நாள்ல போகணும்னுதான் மேடம் ஆறு வருஷமா தேடறேன்," என்று மேஜையில் தலை சாய்த்தாள். "இந்தக் கழுதை லீவுக்குப் போற அவசரத்துல கண்டுபிடிச்சிட்டான்."

யாருக்கும் சிரிக்கத் தெம்பில்லை. பெரியவர் பூவாளியைத் தூக்கினார்.

"ஐயா, ஊத்தட்டுமா, வேண்டாமா?"

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அதில் அழுக்கே இல்லை.

"ஊத்துங்க," என்றார்.