இடைவெளிக்குள் யார்?

“அறுநூற்றுப் பத்து” என்றது இசக்கிமுத்துவின் மார்பில் ஒட்டியிருந்த மூச்சுமானி.

நாளொன்றுக்கு அத்தனை லிட்டர் உயிர்வளி. நிலாக்குடியின் சட்டப்படி அவன் இனி ‘இயல்பன்’ அல்ல; அடுத்த விண்கலத்தில் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். நிலாவில் பிறந்து வளர்ந்த எலும்பு பூமியின் இழுப்பைத் தாங்குமா? ஒரு மாதம் தாண்டினால் பெரிது.

அவன் மனைவி பூங்கோதை காப்புடை தைப்பவள். கழுத்தில் தொங்கிய அளவுநாடாவோடு நேரே ஆணையர் அகத்தீஸ்வரனின் அறைக்குப் போனாள்.

“பத்து லிட்டர்தானே சார் கூட?”

“நான் என்னம்மா பண்றது? பதினாறு பேரை அளந்தோம். மொத்த ஊரோட சராசரி ஐந்நூறுக்கும் அறுநூறுக்கும் நடுவுல இருக்கும்னு கணிப்பான் சொல்லுது. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு நம்பலாம். அதான் நம்பிக்கை இடைவெளி. உங்க வீட்டுக்காரர் அதுக்கு வெளியே.”

“அது சராசரி இருக்கிற இடம் சார். மனுசன் இருக்கவேண்டிய இடமா?”

“சட்டம் அப்படித்தான். என்னைப் பாருங்க, ஐந்நூத்தி அறுபது. ஒழுங்கா உள்ள இல்லையா?”

பூங்கோதை நாடாவைச் சுருட்டினாள், பிரித்தாள்.

“பதினாறு பேர் போதுமா? இன்னும் அளந்தா?”

“துல்லியம் கூடும். நாலு மடங்கு ஆள் அளந்தா இடைவெளி பாதியாகும்.”

“பாதியாகும்.” அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். “அப்ப ஊர் முழுக்க அளக்கச் சொல்லி மனு எழுதுறேன்.”

“தாராளமா! அது முடியிறவரை யாரையும் அனுப்ப மாட்டோம்.”

வீட்டில் இசக்கிமுத்து தலையில் கைவைத்தான். “ஏ கோதை, இடைவெளி சுருங்குனா நான் இன்னும் வெளியேல்லா போவேன்?”

“நீங்க மட்டுமா?” என்றாள்.

மனுவோடு அளக்கும் வேலையையும் கேட்டு வாங்கி, மறுநாளே மூச்சுமானிகளைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக ஏறி இறங்கினாள். “இழுத்து விடாதீங்க அண்ணே, எப்பவும்போல இருங்க.” கதவைச் சாத்தியவர்கள் வீட்டுக்கு மறுபடி போனாள். திட்டியவர்கள் வீட்டுக்கு மூன்றாம் முறையும் போனாள்.

அறுபத்து நாலு பேர் ஆனதும் இடைவெளி ஐந்நூற்று இருபத்தைந்து முதல் ஐந்நூற்று எழுபத்தைந்து வரை என்று குறுகியது. ஆணையர் தம் எண்ணை நினைத்துப் பார்த்தார். உள்ளேதான்.

ஆயிரத்து அறுநூறாவது ஆளோடு ஊர் முடிந்தது. ஊகிக்க இனி எதுவும் மிச்சமில்லை, இடைவெளி மூடிக்கொண்டது. கணிப்பான் ஒரே ஓர் எண்ணைச் சொன்னது: ஐந்நூற்று நாற்பத்தொன்பது புள்ளி மூன்று ஏழு.

அந்த எண்ணில் மூச்சுவிடுகிறவர் ஊரில் ஒருவர்கூட இல்லை.

“அனுப்பப்பட வேண்டியவர்கள் ஆயிரத்து அறுநூறு பேர்” என்று கணிப்பான் அகரவரிசையில் வாசிக்கத் தொடங்கியது. “முதலாமவர், அகத்தீஸ்வரன்.”

ஆணையர் ஓடிவந்தார். “அம்மா, இது சராசரி இருக்கிற இடம்தானே! மனுசன் இருக்கவேண்டிய இடமில்லையே!”

பூங்கோதை கழுத்திலிருந்து நாடாவை எடுத்தாள்.

“நிமிர்ந்து நில்லுங்க சார். பூமிக்குப் போற உடுப்புக்கு அளவெடுக்கணும்.”