பாதி வார்த்தையில் நின்ற குரல்

துருவியின் உண்மையான பெயர் வேறு. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் அப்பா வைத்த பட்டப்பெயர் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பள்ளி வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் பழைய பெயர் மிச்சம்.

அவளுடைய அம்மா சரக்குக் கப்பலில் சமையல்காரர். இருபத்திரண்டு பேருக்கு மூன்று வேளையும் சமைக்க வேண்டும். போய் ஏழு மாதம் ஆகிறது. நடுக்கடலில் போன் எடுக்காது. அதனால் கப்பல் ஏதாவது துறைமுகத்துக்கு வரும்போது, பேசிப் பதிவுசெய்து அனுப்புவார். அது கப்பல் நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். சர்வர் என்றால், எல்லாருடைய பதிவுகளையும் வாங்கி வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் கணினி. அதிலிருந்து துருவி வீட்டு போனில் இறக்கிக்கொள்வாள்.

இந்த முறை வந்த பதிவில் அம்மா எல்லாரையும் நலம் விசாரித்தார். துருவி தலை வாரிக்கொள்கிறாளா என்று கேட்டார். பிறகு, "சரி, முக்கியமான விஷயத்துக்கு வரேன். நான் வீட்டுக்கு வர்ற தே..." என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

தேதியைத்தான் சொல்ல வந்தார் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். எந்தத் தேதி? துருவிக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா தையல்காரர். எந்தக் கருவி கெட்டாலும் அவரிடம் ஒரே மருந்துதான். அணைத்துப் போடு. துருவி அணைத்துப் போட்டாள். பதிவை அழித்துவிட்டு மறுபடி இறக்கினாள். அம்மா மறுபடி "தே" என்றார்.

போன் பழசு, அதான் என்றார் அப்பா. துருவி அவருடைய கடைக் கணினியில் இறக்கிப் பார்த்தாள். "தே." மறுநாள் பள்ளிக் கணினியில் பார்த்தாள். அங்கேயும் "தே."

துருவி யோசித்தாள். இணைப்பு மோசமாக இருந்தால் ஒரு தடவை இங்கே நிற்கும், ஒரு தடவை அங்கே நிற்கும். மூன்று இடத்திலும் ஒரே எழுத்தில் எப்படி நிற்கும்?

"தப்பு நம்ம பக்கம் இல்லப்பா. சர்வர்ல இருக்கிறதே பாதிதான்" என்றாள்.

நிறுவனத்துக்கு எழுதினாள். பதிவு சரியாக வரவில்லை என்று ஒரே ஒரு வரி. அழித்துவிட்டு மறுபடி இறக்கவும், நன்றி என்று பதில் வந்தது. இன்னொரு முறை எழுதினாள். அதே பதில், அதே நன்றி. கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருக்கிறார்களே என்று அப்பாவுக்குக் கோபம்.

அதே கப்பலில் இயந்திரம் பழுதுபார்ப்பவருடைய மகன் துருவியின் வகுப்பில்தான் படித்தான். கலகலப்பான பையன். ஆனால் ஒரு வாரமாக உம்மென்று இருந்தான். துருவி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் அப்பாவின் பதிவு வந்ததா என்று கேட்டாள்.

"வந்துச்சு. ரெண்டு நிமிஷம் பேசினார். அப்புறம் பேசல." அவன் மேசையைச் சுரண்டினான். "என்கிட்ட பேச ஒண்ணும் இல்லபோல."

"கடைசியா என்ன சொன்னார்?"

"நீ வரைஞ்ச பட... அப்படின்னார். அதோட நிறுத்திட்டார்."

"பாதி வார்த்தைல யாராவது பேச்சை நிறுத்துவாங்களாடா? உங்கப்பா நிறுத்தல. அறுந்துபோயிருக்கு. எங்கம்மா பதிவும் அப்படித்தான்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஒரு வாரமாக அவன் மனத்தில் கிடந்த பாரம் முகத்திலிருந்து இறங்குவது துருவிக்கு நன்றாகத் தெரிந்தது.

இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி எழுதினார்கள். இந்த முறை வெறும் 'சரியாக வரவில்லை' இல்லை. உங்கள் இணையப் பக்கத்தில் அம்மாவின் பதிவு பதின்மூன்று நிமிடம் என்று போட்டிருக்கிறது, ஆனால் இரண்டு நிமிடம் ஐந்து விநாடியில் நிற்கிறது. மூன்று கருவிகளிலும் அதே இடம். நண்பனுடைய பதிவு இரண்டு நிமிடம் பதினொரு விநாடியில் நிற்கிறது. உங்களிடம் இருப்பது முழுசா என்று பாருங்கள். பையன் அடியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தான். 'என் படத்தைப் பற்றி அப்பா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.'

வியாழக்கிழமை மாலை போன் அடித்தது. சர்வரைக் கவனித்துக்கொள்ளும் அக்கா பேசினார். கப்பலிலிருந்து பதிவுகள் மெதுவாகத்தான் வந்து சேருமாம். தினமும் ஆறு மணிக்குக் கணினி தானாகவே அவற்றை நகலெடுத்துக் குடும்பங்களுக்கு வைக்குமாம். அன்றைக்கு ஆறு மணி அடித்தபோது பதிவுகள் பாதிதான் வந்திருந்தன. கணினிக்கு அது தெரியுமா? கிடைத்ததை நகலெடுத்துவிட்டது. மீதி பிறகு வந்து, யாரும் கேட்காமல் உள்ளே கிடந்தது.

"மாசக் கடைசி வெள்ளிக்கிழமையானா பழசையெல்லாம் அழிச்சிடுவோம்மா. அது நாளைக்குத்தான்" என்றார் அக்கா. "நிறைய பேர் சரியில்லன்னு எழுதினாங்க. எங்க நிக்குதுன்னு நீங்க ரெண்டு பேர்தான் எழுதினீங்க. இப்ப எல்லாருக்கும் முழுசா வச்சிட்டேன். இறக்கிப் பாரு."

துருவி முதலில் நண்பனுக்குச் சொல்லி அனுப்பினாள். பிறகு இறக்கினாள். அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"...வர்ற தேதி தள்ளிப்போயிடுச்சு கண்ணு. இன்னும் ரெண்டு மாசம் ஆகும். அழாதே. அம்மாவும் அழல, பாரு." பிறகு, "சரி, வச்சிடறேன்."

இதற்கா இத்தனை பாடுபட்டோம் என்று இருந்தது துருவிக்கு. அந்த 'தே'யோடு நின்றிருந்தாலாவது நாளைக்கே வருவார் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுக்கப் போனாள்.

ஆனால் பதிவு முடியவில்லை.

நாற்காலி நகர்ந்தது. தண்ணீர் கொட்டியது. பிறகு பலகையில் கத்தி விழும் சத்தம், டக் டக் டக். அம்மா மூக்கை உறிஞ்சினார். கரண்டி ஒன்று கீழே விழ, "உனக்கு வேற வேலையே இல்லையா" என்று அதைத் திட்டினார். அப்புறம் ஏதோ பாட்டை முணுமுணுத்தார். சுருதி கொஞ்சமும் சேரவில்லை.

"நிறுத்த மறந்துட்டா" என்று அப்பா மெதுவாகக் கையை நீட்டினார்.

"நிறுத்தாதீங்கப்பா."

அப்பா கையை எடுத்துக்கொண்டார். பத்து நிமிடமும் இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டார்கள்.

மறுநாள் மாலை துருவி புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, அம்மா இருந்தால் உட்காருவதுபோல, சமையலறை வாசலில் உட்கார்ந்தாள். போனை அடுப்பு மேடையில் வைத்துப் பதிவை ஓட விட்டாள்.

உள்ளே அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். வாசலில் துருவி வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.