தொழுவத்துக்கு ஓர் அழுகை

"குழந்தை எங்கங்க?"

ஸ்டுடியோ கதவைத் திறந்ததும் ஒலிப்பதிவாளன் கேட்ட முதல் கேள்வி அதுதான். மழையில் தொப்பலாக நனைந்து வந்தவள் திருதிருவென்று விழித்தாள்.

"எந்தக் குழந்தை?"

"தொழுவத்துல அழ வேண்டிய குழந்தைங்க! குளிரப் போகுதேன்னு காலையிலேருந்து ஏசி போடாம வெந்துட்டிருக்கேன்... நீங்க பாட்டுக்கு வெறுங்கையோட வந்து நிக்கறீங்க!"

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சினிமாவில் பச்சைக் குழந்தை அழுதால் பாதி நேரம் அது அவளைப் போன்ற டப்பிங் பெண்ணின் தொண்டைதான். இதுவரை வானொலிச் செய்தி மட்டுமே பதிவு செய்த இந்த ஆளுக்கு அது எப்படித் தெரியும், பாவம்!

"நான்தாங்க அந்தக் குழந்தை."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அசடு வழியும்போதும் நேராகப் பார்க்கிற கண்கள்... பார்க்காதேடி, என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள். வெறுங்கை என்ற சொல் வேறு உள்ளே போய்த் தைத்திருந்தது.

குடும்பத்தோடு பார்க்கிற கிறிஸ்துமஸ் படம், இயேசு தொழுவத்தில் பிறந்த கதை. ஒரு வார வேலை. தேவதூதப் பிள்ளைகள், ஆட்டுக்குட்டி, சத்திரக்காரன் மகள் என்று எல்லாவற்றுக்கும் அவளே குரல் கொடுத்தாள். அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தான். "ஆட்டுக்குட்டிக்கு ஜலதோஷமா?" என்றான். "உங்க காதுக்குத்தான்!" என்றாள். அந்த வாரம் முழுக்க மழை... அவள் முழுக்கச் சந்தோஷம். அதுதான் பயமாக இருந்தது.

கடைசி நாள் தொழுவக் காட்சி. திரையில் கதை சொல்கிறவரின் குரல் கம்பீரமாக ஒலித்தது: 'ஒரு குழந்தை பிறந்தது... அதுவே கிறிஸ்துமஸின் அர்த்தம்.'

அவள் அழ வேண்டும். அழுதாள். அவன் நிறுத்தினான். மறுபடி அழுதாள். மறுபடி நிறுத்தினான்.

"என்னதான் வேணும் உங்களுக்கு?" என்று சீறினாள்.

அவன் கதவைத் திறந்து உள்ளே வந்தான். "இது குழந்தை அழுகை இல்லைங்க..." என்றான் மெதுவாக. "பெரியவங்க அழறாங்க. என்னாச்சு?"

அவ்வளவுதான்... உடைந்துவிட்டாள்.

"எனக்குக் குழந்தையே பிறக்காதாம். டாக்டர் சொல்லிட்டாங்க. நிச்சயம் பண்ணினவங்க அன்னிக்கே ஒதுங்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமை வேற மாப்பிள்ளை வர்றாங்க, வாயைத் திறக்காதேன்னு அண்ணன் சொல்லுது. குழந்தைதான் அர்த்தம்னா... அது பிறக்காத வீட்டுக்குக் கிறிஸ்துமஸே கிடையாதா?"

"தொழுவத்துக்கு வந்த அந்த மேய்ப்பருங்க யாரும் அந்தக் குழந்தையைப் பெக்கலையே... ஓடிப்போய்ப் பாத்து சந்தோஷப்பட்டாங்க, அவ்வளவுதானே?"

"படத்துக்கு நல்லாருக்கு!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இரக்கமெல்லாம் வேண்டாம்."

"இரக்கமா? இந்த வாரம் முழுக்க நீங்க வர்ற வழியைப் பாத்துட்டு நின்னவன் நான். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க."

உள்ளம் ஒரு நொடி துள்ளியது. உடனே சுருண்டு படுத்தது.

"இன்னிக்குப் பிடிக்கும். அஞ்சு வருஷம் கழிச்சு? உங்க அம்மா பேரப்பிள்ளை கேக்கறப்போ? யாரோ குழந்தையைக் கொஞ்சறப்போ உங்க முகம் மாறுமே... அதைப் பாத்துட்டு நான் உயிரோட இருக்கணுமா?"

மாறாது என்று அவன் சொல்லியிருக்கலாம். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.

"மாறும்," என்றான் அவன். "அம்மா அழுவாங்க. எனக்கும் ஏக்கம் வரும். இல்லைன்னு சொன்னா அது பொய். ஆனா அதை உங்ககிட்ட மறைக்க மாட்டேன்... நீங்களும் என்கிட்ட எதையும் மறைக்க வேண்டாம். இதுக்கு மேல கொடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லை."

எத்தனையோ பேர் அவளைத் தேற்றியிருந்தார்கள். ஒருவரும் அவளிடம் உண்மையைச் சொன்னதில்லை.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு," என்றாள் அவள், தேம்பித் தேம்பி அழுதபடியே. "அதனாலதாங்க இவ்வளவு வலிக்குது..."