அறுபதாவது அடுப்பு

"இது இன்னாங்க நியாயம்? என் வூட்ல நான் நிக்கிறேன்... எங்க அக்கா வூட்ல என்னை எழுதறீங்க?"

சங்கவி திரும்பினாள். நனைந்த தலையோடு நின்றவனின் கண்களில் கோபம். ஆனால் இமையில் தொங்கிய மழைத்துளி அந்தக் கோபத்தை நம்பவிடவில்லை...

கச்சிராயபாளையத்திலிருந்து பஸ் பிடித்துக் கல்வராயன் மலைக்கு வந்து, சுகாதாரக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாக ஏறி இறங்குகிறவள் அவள். கோபக்காரர்கள் அவளுக்குப் புதிதில்லை.

"நீங்க எங்க சாப்பிடறீங்க?"

"அக்கா வூட்ல."

"அப்ப அதான் உங்க குடும்பம். ஒரு அடுப்பு எரிஞ்சா ஒரு குடும்பம். கூரை கணக்கில்லைங்க."

பக்கத்து வாசலில் அவன் அக்கா தைலம்மாள் சிரித்தாள். "நல்லா கேளும்மா. இவன் எனக்கு மூணாவது புள்ள."

தம்பி தமிழரசன் சிரிக்கவில்லை. "அறுபது குடும்பம் இருந்தாதான் நர்ஸம்மா இங்கயே தங்குவாங்கனு சொல்றாங்க. உங்க கணக்குல எத்தினி?"

"அம்பத்தொம்பது."

"எங்கம்மாவ டோலி கட்டித் தூக்கிக்கினு எறங்கினோம்ங்க. பாதி வழியிலயே..."

மருத்துவமனை ஒரு சமூக நிறுவனம் என்று கல்லூரியில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள் சங்கவி. அந்தப் பக்கங்களில் பாதி வழி என்று ஒன்று இருக்கவில்லை. ஆனாலும், "பொய் எழுத மாட்டேங்க" என்றாள். ஏன் அத்தனை கடுமையாகச் சொன்னோம் என்று பஸ்ஸில் வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் அவன் கூரையில் புகை. உள்ளே, கண் சிவக்க, அடிப்பிடித்த சாமைச் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"இப்ப எழுதுங்க."

"ஒரு நாள் பத்த வெச்சா ஆச்சா? நாலு நாளாவது எரியணும். வந்து பாப்பேன்."

"வாங்க. தைரியம் இருந்தா சாப்ட்டும் பாருங்க."

வந்தாள். இரண்டாம் நாள் உப்பு ஜாஸ்தி. மூன்றாம் நாள் கம்மி. நான்காம் நாள் சோறு பதமாகவே இருந்தது... அவளுக்கு ஏனோ அது பிடிக்கவில்லை. கேலி செய்ய ஒன்றுமே மிச்சமில்லை.

அறுபது என்று பதிந்து டேப்லெட்டை மூடினாள். வெளியே மழை வலுத்தது.

"இனிமே வர மாட்டீங்க, இல்ல?"

"வேலை முடிஞ்சிடுச்சே."

அவன் தணலையே பார்த்துக்கொண்டிருந்தான். "மொத நாளு நர்ஸம்மாவுக்காகத்தான் பத்த வெச்சேன். அப்புறம்... நீங்க வருவீங்கனுதான். தப்புனா சொல்லிடுங்க. ஆனா அந்த அறுபத மட்டும் அழிச்சிடாதீங்க."

சங்கவி செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தாள். முகத்தை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

"தனி அடுப்பு எரியறத ஒரு தடவை கண்ணால பாத்தா போதும்ங்க. அதான் ரூல். மொத நாளே எழுதியிருக்கலாம்."

"அப்ப மீதி மூணு நாளு?"

மழைச் சத்தத்தில் கேட்காமல் போய்விடுமோ என்று நிமிர்ந்து, அவன் கண்களைப் பார்த்தே சொன்னாள்.

"நானாத்தான் வந்தேன்."